கற்றாழைச் சாற்றில் குளித்த தக்காளி

இனிமேல் காலை ஆறு மணிக்கு மார்க்கெட் போவதில்லை என்று நூலகர் தீர்மானித்துவிட்டார். ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும்போது ஒருவன் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. மனுஷன் தேடியே பார்த்துவிட்டார்.

தேடும்போது வேறொன்று அகப்பட்டது. சோற்றுக்கற்றாழைச் சாற்றில் கிராம்புத் தண்ணீரைக் கலந்து, காயை முக்கி உலர்த்தினால் சீக்கிரம் கெடாதாம். பதினைந்து நாள் தாங்கினால் மாதத்துக்கு இரண்டு தடவை மார்க்கெட் போதுமே! மனைவி ஆசையாய் வளர்த்த இரண்டு தொட்டிக் கற்றாழையும் அன்றைக்கே மொட்டையாயின.

சாற்றில் முக்கியெடுத்த தக்காளியைக் கூடையில் அடுக்கி, நூலகப் புத்தகத்துக்கு ஒட்டுவதுபோல் கூடைமேல் தேதிச் சீட்டு ஒட்டினார். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் தொழில் பழக்கத்தில் உதட்டில் விரலை வைத்தார்.

"சோதனை முடியற வரைக்கும் இந்தக் கூடையைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"சரிங்க."

கட்டிய நாளிலிருந்து அவள் இத்தனை சுலபமாகச் சரி சொன்னதில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

சோதனை முடியவேண்டுமே என்று பதினைந்து நாளும் வழக்கம்போல் மார்க்கெட் போய்வந்தார். வந்ததும் பையை அடுப்படியில் போட்டுவிட்டுக் கூடையைத்தான் எட்டிப் பார்ப்பார். ஒரு பழத்திலும் சுருக்கமில்லை. கடைசி நாள் தலைகால் புரியவில்லை. மனைவியோ மாடிவீட்டு டெய்லரம்மாவையும் கூப்பிட்டு வந்து நிறுத்தினாள். முழங்கால் வலியால் கடைக்குப் போக முடியாமல் தவிக்கிற அம்மாள் அவர்.

கேட்க ஆள் கிடைத்ததும் நூலகருக்கு வாய் நீண்டது. இனி நான் மார்க்கெட் போகப்போவதில்லை, இந்தக் கூடையில் ஒரு பழம் வாடினாலும் உங்கள் வீட்டுக்கும் தினமும் நானே காய் வாங்கித் தருகிறேன் என்று சத்தியம் செய்தார்.

நான்கு நாள் எட்டு மணிவரை தூங்கினார். சொர்க்கம். ஐந்தாம் நாள் கூடையில் மிச்சமிருந்தவை ஆறே பழங்கள், ஆறும் தொளதொள.

"பதினஞ்சு நாளா கல்லு மாதிரி இருந்துச்சேடி!"

"தினமும் வாங்கிட்டு வந்தீங்களே, அதாங்க. பழசை எடுத்துச் சமைச்சிட்டுப் புதுசை அதுல வைப்பேன். எல்லா அடுப்படியிலயும் நடக்கறதுதானே? நீங்க முக்கினது அஞ்சே நாள்ல குழம்பாயிடுச்சு."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

மனைவி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் இன்னும் விடியவில்லை. யாரோ போர்வையை உருவினார்கள். தலைமாட்டில் இரண்டு பைகள் இருந்தன.

"எழுந்திருங்க. ரெண்டு வீட்டுக்கு வாங்கணும்னா அஞ்சு மணிக்கே கிளம்பணும்."