பொருந்தாத கட்டை

வெள்ளிக்கிழமை காலை உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தில் துப்பாக்கியைக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை மத்தியானமே அதன் மரக்கட்டை பிளந்துவிட்டது.

பேச்சிமுத்து ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். துறைமுகச் சாலையில் ஒரு நகை அடகு நிறுவனத்தின் வாசலில் காவல். சொந்தத் துப்பாக்கி இருந்ததால் கிடைத்த வேலை. உரிமம் போனால் வேலையும் போகும். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளுகிற பழைய ரகம் அது. தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேசனில் ஒப்படைத்து, போன மாதம்தான் திருப்பி வாங்கியிருந்தார். இறுகிக்கொண்ட ஷட்டரை அதன் கட்டையால் தட்டித் திறப்பார். அன்றைக்கு ஷட்டர் திறந்தது, கட்டை பிளந்தது.

திருநெல்வேலிக் கடைக்குப் போன் போட்டு, உரிமப் புத்தகத்தில் இருந்த தயாரிப்பையும் வருஷத்தையும் வாசித்தார். மறுநாளே பஸ் பார்சலில் புதுக் கட்டை வந்தது. திருகு போகும் துளை இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது. புத்தகத்தில் உள்ள துப்பாக்கிக்கு இதுதான் கட்டை என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். பேச்சிமுத்து தானே ஒரு துளை போட்டார். அதுவும் பிளந்தது.

"ஒத்தக் கட்டைய ஒடைச்சிய, இப்ப ரெண்டாச்சு. வெந்நி போட வச்சுக்கிடுதேன்," என்றாள் மனைவி சந்தனச்செல்வி.

புதன்கிழமை, திரேஸ்புரத்தில் படகு கட்டும் ரோச்சிடம் போனார். ரோச் ஒரே நாளில் அழகாகச் செதுக்கிக் கொடுத்தார். ஆனால் குழல் உள்ளே கடகடவென்று ஆடியது.

"ஆடுதே, ரோச்சு."

"ஆடத்தான் செய்யும் அண்ணாச்சி. பலகைக்கு எடவெளி விடணும்லா? உப்புத் தண்ணில போடுங்க, ஊறி இறுகிரும்."

முப்பது வருஷமாக அவர் கட்டிய படகெல்லாம் அப்படித்தான் இறுகியிருந்தது. வியாழக்கிழமை கட்டை முழுப்பகலும் டிரம்மில் ஊறியது. இறுகவும் செய்தது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் போல்ட் அசையவில்லை. ரோச் உளியோடு வந்து கொஞ்சம் சுரண்டினார், பிறகு இன்னும் கொஞ்சம். மறுபடியும் குழல் ஆடியது. கடைசியில் நீல நைலான் கயிற்றால் குழலையும் கட்டையையும் சேர்த்துக் கட்டி, இந்த முடிச்சு நங்கூரத்தையே தாங்கும் என்று தைரியம் சொல்லி அனுப்பினார்.

அலுவலகத்தில் சண்முகப்ரியா என்ற எழுத்தர் கயிற்றைப் பார்த்தாள். குழலில் பொறித்திருந்த எண்ணை வாசித்தாள். புத்தகத்தைப் புரட்டினாள். மறுபடி எண்ணை வாசித்தாள். பேச்சிமுத்து ஷட்டரைத் தட்டியதிலிருந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, எலெக்சனுக்கு ஸ்டேசன்ல ஒப்படைச்சதத் திருப்பி வாங்கயில மாத்தி எடுத்துட்டுப் போயிருக்கிய; ஒங்க துப்பாக்கி ஒடையாம முழுசா அந்தா வாசல்ல நிக்கிற காயல்பட்டினம் மூஸா நெய்னா பாய் கையில இருக்கு, அவுகளோடதத்தான் நீங்க கயித்தப் போட்டுக் கட்டிக் கொண்டாந்திருக்கிய."