துருப்பிடித்த பல்லின் நான்கு பாட்டுகள்

மூன்று பேருக்கும் பாட்டு மறந்துபோயிருந்தது. ஓரிரு வரி அல்ல, மொத்தமும்.

வென்டெல் தன் கார்க்கொட்டகையில் கிதாரோடு உட்கார்ந்திருந்தான். முப்பத்தோரு வருடமாக மில்வாக்கி வீடுகளுக்குச் சுவர்ப்பலகை சுமந்து அடித்த கை. தந்தியைத் தொட்டால் ஆணியைத் தேடியது. டிரம்முக்குப் பின்னால் லைல், முழங்காலில் ஐஸ் பை கட்டிக்கொண்டு. பேஸ் கிதாரும் பாட்டும் ட்ரூடி. இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.

"முதல் பாட்டு எப்படிடா ஆரம்பிக்கும்?" என்றாள் அவள்.

"சத்தமா ஆரம்பிக்கும்," என்றான் லைல்.

"எல்லாமே சத்தமாத்தாண்டா ஆரம்பிக்கும்."

'துருப்பிடித்த பல்' குழு மறுபடி சேர்கிறது என்று சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. ஆறு வாரத்தில் கச்சேரி. பகல் இரண்டு மணிக்கு; ரசிகர்களுக்கும் இப்போது ஒன்பது மணிக்கே தூக்கம் வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் இசைத்தட்டு வெளியிடுவது மானக்கேடு என்று இருந்துவிட்டார்கள். அதனால் போட்டுக் கேட்கவும் வழியில்லை.

வென்டெலின் வலது காது போய்விட்டது. இடதும் வருடக் கடைசி வரை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் தன் பாட்டை ஒரு தடவை தன் காதால் கேட்டுவிட வேண்டும். வேறு ஆசை அவனுக்கு இல்லை.

கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டிக்குள் ட்ரூடிக்கு ஒரு கேசட் கிடைத்தது. 'ஹேங்க் வீட்டு நிலவறை, பிப்ரவரி 93' என்று மங்கலாக எழுதியிருந்தது. ஹேங்க் பழைய சிநேகிதன்; அவன் நிலவறையில்தான் அப்போது கச்சேரிகள் நடக்கும். லைலின் பழைய டேப்பில் போட்டார்கள். கிணற்றுக்குள் விழுந்த மாடு போல ஒரு சத்தம்.

"நாம இவ்வளவு மெதுவாவா வாசிச்சோம்?"

"சோகமா இருந்தோம்ல அப்ப," என்றான் வென்டெல்.

அதற்குத் தோதாகத் தந்திகளைத் தளர்த்தினார்கள். அவை துணி காயப்போடும் கொடியாகத் தொங்கின. இரண்டு வாரம் போன பிறகுதான் டேப்பின் மோட்டார் செத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. லைல் நல்ல டேப் ஒன்று வாங்கி வந்தான். இப்போது பாட்டு பேய் ஓட்டம் ஓடியது.

"நானாடா இப்படி அடிச்சேன்?" என்றான் லைல், வாயைப் பிளந்து.

"இருபத்துமூணு வயசு. மூணு வேளையும் காபி," என்றான் வென்டெல்.

லைல் விடாமல் அடித்துப் பழகினான். மற்ற முழங்காலுக்கும் ஐஸ் பை வந்தது.

அடுத்தது வார்த்தைகள். டேப்பில் குரல் ஆம்பளைக் குரலாகக் கரகரத்தது; அப்போது பிடித்த சிகரெட் என்று முடிவுகட்டி, ட்ரூடி காதை ஒட்டவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினாள். "'மேசைக்கு அடியில கழுதை'ன்னு வருது. அர்த்தம் என்ன?"

"அது எங்க சித்தப்பா," என்றான் வென்டெல் தயங்காமல். "மேடிசனுக்குப் போற வழியில, வேன்ல உட்கார்ந்து எழுதினேன். ஹீட்டர் வேலை செய்யல. ஒரே கம்பளிக்குள்ள மூணு பேரும். ஞாபகம் இல்லையா?"

ட்ரூடிக்கு ஞாபகம் வந்தது. லைலுக்கும் வந்தது. கம்பளியில் அடித்த நாய் வாடை கூட வந்தது.

மூன்றாவது பாட்டில் ஒரு சிக்கல்.

"இதுல ரெண்டு கிதார் கேக்குது," என்றாள் ட்ரூடி. "நம்மகிட்ட ஒண்ணுதானே இருந்துச்சு?"

வென்டெல் நாலு தடவை ஓட்டிக் கேட்டான். முகம் மெல்ல மலர்ந்தது. "ரெண்டு ஆள் வாசிக்கிறத நான் ஒருத்தனே வாசிச்சிருக்கேன், பாரேன்."

"அவ்வளவு பெரிய ஆளாடா நீ?"

"எனக்கே இப்பத்தான் தெரியுது."

ஒருத்தனே இரண்டையும் வாசிக்கப் பழகியதில் அவனுக்குத் தோள் பிசகியது. பலகை அடிக்கிற வேலைக்கு ஒரு வாரம் லீவு போட்டான். மனைவி களிம்பு தடவியபடி திட்டினாள். வென்டெல் சிரித்துக்கொண்டே இருந்தான். இப்படியெல்லாம் வாசித்தவன், எப்படி முப்பது வருடம் வெறும் பலகைக்காரனாக இருந்தேன் என்று நினைத்தான்.

கச்சேரிக்கு அறுபது எழுபது பேர் வந்தார்கள். மடக்கு நாற்காலி, பொரித்த சீஸ், எல்லார் காதிலும் பஞ்சு. வென்டெல் மட்டும் டாக்டர் பேச்சை மீறி இடது காதின் அடைப்பானைப் பிடுங்கிப் பைக்குள் போட்டான்.

இருபத்திரண்டு நிமிடம். நான்கு பாட்டு. ஒரு இடத்தில் கூடப் பிசகவில்லை. முழுதும் கேட்டான். கன்னம் நனைந்தது அவனுக்குத் தெரியவில்லை.

முன்வரிசையில் நரைத்த சடைக்காரர் ஒருவர் முதல் பாட்டிலிருந்தே அழுதுகொண்டிருந்தார். முடிந்ததும் மேடையோரம் வந்து வென்டெலைக் கட்டிக்கொண்டார். வென்டெல் இடது காதை அவர் பக்கம் திருப்பினான்.

"நீங்க ஹேங்க் வீட்டுக் கச்சேரிக்கு வந்திருந்தீங்களா?"

"வந்திருந்தேன்."

"அப்ப இந்தப் பாட்டெல்லாம் ஞாபகம் இருக்கும்."

"எப்படி மறக்கும்? அன்னைக்கு முதல்ல வாசிச்சது நாங்கதானே. உங்க முறை வர்றதுக்குள்ள போலீஸ் வந்து எல்லாரையும் விரட்டிடுச்சு," என்றார் அவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எங்க டிரம்மர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சு. இனிமே எங்க பாட்ட யார் வாசிக்கப் போறாங்கன்னு இருந்தேன், நாலையும் தப்பில்லாம வாசிச்சுட்டீங்க. சரி, உங்க பாட்ட எப்ப ஆரம்பிப்பீங்க?"