எங்கள் தெருக் கேமரா பிடித்த முதல் ஆள்

புதுக் குடை வாங்கியவன் மழையை எதிர்பார்ப்பான். புது மிக்ஸி வந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு எல்லா வேளையும் சட்னிதான். எங்கள் தெருவுக்குக் கேமரா வாங்கிய நான் திருடனை எதிர்பார்த்தேன்.

நடந்த தேதி எனக்கு நன்றாகத் தெரியும். எழுதினால் என் வீட்டார் அதை வருடாவருடம் கொண்டாடுவார்கள் என்பதால் எழுதவில்லை. சில வருடங்களுக்கு முன், பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு வாரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் ஒரு கல்லூரி நூலகர். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்கு வெளியே ஒரு குறுக்குத் தெருவில் வீடு. எந்தத் தெருவுக்கு எந்த வருடம் மின்விளக்கு வந்தது, எந்த வெள்ளத்தில் கொள்ளிடக் கரை எங்கே உடைந்தது என்பதையெல்லாம் தேடித் திரட்டுவது பொழுதுபோக்கு. பத்திரிகையில் யாராவது வருடத்தைத் தப்பாகப் போட்டால் உடனே திருத்தி எழுதுவேன். (பதில் வந்ததில்லை. பிழைதான் மறுபடி வரும்.) இப்படிப்பட்ட ஆளைத் தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளராக்கியது யார் தவறு என்று இன்னும் முடிவாகவில்லை.

தெருவில் இரண்டு பைக்குகள் காணாமல் போயின. விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். கேமரா வையுங்கள் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். விற்க வந்த இளைஞர், “சார், இது வெறும் கேமரா இல்ல. யோசிக்கும்” என்றார். அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். செயற்கை நுண்ணறிவு பற்றி அதற்குள் ஒரு அலமாரி அளவுக்குப் படித்திருந்தேன். படித்ததைச் சொல்ல ஆள்தான் கிடைக்கவில்லை.

திறப்பு விழாவில் கிடைத்தார்கள். இந்தியாவில் கைரேகைப் பிரிவு எப்போது தொடங்கியது என்பதில் ஆரம்பித்து, கைரேகையிலிருந்து முகத்துக்கு வந்து, “இனிமேல் காவல்துறை கண்ணால் பார்க்காது, கணக்கால் பார்க்கும்!” என்று முடித்தேன். கைதட்டலுக்காக இடைவெளி விட்டேன். சிறப்பு விருந்தினராக வந்திருந்த எஸ்.ஐ. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொறியியல் படித்துவிட்டுக் காவல்துறைக்கு வந்தவர். என்னைவிட அவருக்கு அந்தச் சமாச்சாரம் நன்றாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

அந்த அமைப்பு எப்படி வேலை செய்யும் என்றால், எந்த வீட்டுக்குள்ளும் போகாமல் ஒரே முகம் தெருவில் திரும்பத் திரும்ப நடந்தால் என் கைபேசியில் சிவப்பு மணி அடிக்கும். ‘சந்தேக நடமாட்டம்’ என்று எழுத்து வரும். முதல் வாரம் அடித்த மணி ஒன்றே ஒன்று. படத்தில் இருந்தது நான். கேமரா சரியாக இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தபடி தெருவை அளந்தவன் என்னைத் தவிர யாருமில்லை. அதை அழித்துவிட்டு, அடுத்த மணிக்குக் காத்திருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கை தேன்மொழிக்கு ஒரு வரன் வந்தது. அப்பா அம்மா இல்லாத வீடு. எல்லாம் நானும் என் மனைவி விஜயாவும்தான். தேன்மொழி உறையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வந்த வரன்களையெல்லாம் விடைத்தாள் திருத்துவதுபோல் தள்ளிக்கொண்டிருந்தவள், மருங்காபுரியிலிருந்து வந்த இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “சரி, பேசுங்க அண்ணி” என்றாள். பாலிடெக்னிக்கில் ஆசிரியர், பெயர் சரவணன். இரண்டொரு முறை போனிலும் பேசிவிட்டார்கள். போனை வைத்த பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருந்ததை விஜயா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வரும் நாளைத் தெரிவிப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். அவர்கள் காரில், பழத்தட்டோடு வருவார்கள் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மணி அடித்தது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஆள். மொட்டைத் தலை, அதன்மேல் துண்டு. தெருமுனை அயர்ன் வண்டியருகே நின்று பேச்சுக் கொடுத்தார். பிறகு மாவு மில். எங்கள் வீட்டை மாடி வரைக்கும் நிதானமாக ஏறிட்டுப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மறுபடி மணி. அதே மொட்டை, அதே துண்டு. அன்று நான் வாசலுக்கு வந்ததும் ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் ஒதுங்கினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. (பயத்தில் அல்ல. சந்தோஷத்தில்.)

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பெண்ணெடுக்குமுன் அந்தத் தெருவுக்குச் சத்தமில்லாமல் ஒருவரை அனுப்பி விசாரிப்பது வழக்கம். அப்படிப் போகிறவர் என்ன செய்வார்? வீட்டை நோட்டம் விடுவார். உள்ளே எத்தனை பேர், யார் எப்போது வெளியே போவார்கள், எப்போது வருவார்கள் என்று கடைக்காரர்களிடம் கேட்பார். வீட்டுக்காரர் எதிரில் வந்தால் ஒளிந்துகொள்வார். திருடனும் இதையேதான் செய்வான். இது எனக்குத் தெரியாதா? என் சித்தப்பா மகளுக்காகக் கரூரில் ஒரு டீக்கடையில் வேண்டாத டீயாகக் குடித்துக்கொண்டு ஒரு வீட்டை முறைத்தவன் நானேதான். ஆனால் அன்று என் கையில் யோசிக்கும் இயந்திரம் இருந்ததால் நான் யோசிக்கவில்லை.

படங்களை வரிசைப்படுத்தி, நேரம் போட்டு, ‘சங்கிலிப் பறிப்புக்கு முந்தைய வேவு எனக் கருதலாம்’ என்று குறிப்பும் எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். புதன்கிழமை காலை அதே ஆள் தெருமுனையில் நின்றபோது கான்ஸ்டபிள் செந்தில் பைக்கில் வந்தார். “ஐயா, ஸ்டேஷன் வரைக்கும் வாங்க, மேடம் கேக்கணுமாம்.” அந்த மனிதர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அயர்ன்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே பார்த்தார். கேமரா அதை அழகாகப் பதிவு செய்திருந்தது. அந்தக் காட்சியை மட்டும் வெட்டியெடுத்து, ‘நமது கேமராவின் முதல் வெற்றி’ என்ற தலைப்புடன் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். (நல்ல சட்டை. பத்திரிகைக்காரர்கள் வந்தாலும் வரலாமே.)

எஸ்.ஐ. மேடம் அவரை உட்காரச் சொல்லியிருந்தார்.

“பேரு ஐயா?”

“ராமலிங்கம்.”

“ஊரு?”

“மருங்காபுரிம்மா.”

ஊர்ப் பெயர் காதில் விழுந்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. மருங்காபுரி மதுரை ரோட்டில்தானே இருக்கிறது, தப்பிப்பது சுலபம் என்றுதான் நினைத்தேன்.

“இந்தத் தெருவுல என்ன வேலை?”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “ஒரு காரியமா வந்தேன். வெளியில சொல்றதுக்கில்லம்மா.”

“பாத்தீங்களா மேடம்!” என்றேன் நான்.

மேடம் தன் கைபேசியில் அவர் முகத்தைப் படமெடுத்து, பழைய குற்றவாளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். திரையில் இன்னொரு மொட்டைத் தலை வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். “அச்சு அசல் மேடம்! அதே மூக்கு!”

“சமயபுரத்துல மொட்டை போட்டுட்டு வர்ற எல்லாரும் இதுல ஒரே மாதிரிதான் சார் இருப்பாங்க. இந்த ஆளு இப்ப ஜெயில்ல இருக்கான்.”

“ரிலீஸ் ஆயிருப்பானோ?”

“சார், நீங்க அந்தப் பெஞ்சுல உக்காருங்க.”

உட்கார்ந்தேன். மேடம் குரலைத் தணித்தார். “ஐயா, கடைக்காரங்ககிட்ட ஒரு வீட்டைப் பத்திக் கேட்டிருக்கீங்க. எந்த வீடு? சொல்லிட்டீங்கன்னா போயிடலாம்.”

ராமலிங்கம் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மெதுவாக என் பக்கம் கையைக் காட்டினார். “இவரு வீடுதாம்மா. இவரு தங்கச்சியை எங்க அக்கா மகனுக்குப் பாக்குறோம். நான் தாய்மாமன்.”

மின்விசிறியின் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. அது கருணையா, சிரிப்பை அடக்குவதற்கா என்று தெரியாது. “தப்பா நெனைக்காதீங்க ஐயா, நாங்க சரிபாக்கணும். தெருவுல என்ன சொன்னாங்க?”

“அது எதுக்கும்மா இப்ப...”

“சும்மா சொல்லுங்க.”

“பொண்ணு தங்கம்னாங்க. அண்ணி நல்லா வச்சிருக்காங்கன்னாங்க.” நிறுத்தினார்.

“அண்ணனைப் பத்தி?” என்றார் செந்தில். (அவருக்கு இது தேவையே இல்லை.)

“கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாதாம். தேதிதான் கொஞ்சம் சொல்லுவாராம். கேமரா மாட்டுனதுலேருந்து ஒரு மாதிரி இருக்காராம், மத்தபடி பயப்பட ஒண்ணுமில்லன்னு மாவு மில்லுக்காரம்மா சொன்னாங்க.”

செந்தில் ஏதோ கோப்பு தேடுவதுபோல அடுத்த அறைக்கு ஓடினார்.

“உங்களுக்குத் திருப்தியா ஐயா?”

“பூரண திருப்திம்மா. இன்னிக்கு மத்தியானம் அக்காவுக்குப் போன் போட்டு, நாள் பாக்கச் சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

நான் எழுந்து ஏதேதோ உளறினேன். கேமராதான் அப்படிச் சொன்னது என்றேன். மேடம் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். “ஒரு ஆளு திரும்பத் திரும்ப நடக்கிறாருன்னு மட்டும்தான் சார் அது சொல்லுச்சு. திருடன்னு எழுதுனது நீங்க.”

வாசலில் ஆட்டோ கூப்பிட்டேன், காபிக்கு அழைத்தேன், வீட்டுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். “வேணாங்க. பஸ்ஸு இருக்கு” என்றார். போகும்போது அவர்தான் என்னிடம், “தப்பா எடுத்துக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னேன். விஜயா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “ஊருல எல்லாரும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குப் பலகாரம் குடுப்பாங்க. நீங்க போலீஸ்ல புடிச்சுக் குடுத்திருக்கீங்க” என்றாள். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த தேன்மொழியிடமும் சொன்னேன். அவள் கத்தவில்லை. தோள்பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: “காலையிலேருந்து அவர் ஏதாவது சாப்பிட்டாரா அண்ணே?”

நான் அதைக் கேட்கவே இல்லை.

மறுநாள் பழக்கூடையோடு மருங்காபுரிக்கு பஸ் ஏறினேன். சரவணனின் அம்மா இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினார். அது திட்டுவதைவிடக் கொடுமையாக இருந்தது. ராமலிங்கம் எனக்காகவே பேசினார். “அக்கா, நான்தான் சொல்றேனே, நல்ல வீடு. மனுசன் தெரியாமச் செஞ்சுட்டாரு.”

அந்த அம்மா கைபேசியை என் பக்கம் நீட்டினார். மொட்டைத் தலையோடு ஒருவர் போலீஸ் பைக்கில் ஏறுகிறார். மேலே ‘நமது கேமராவின் முதல் வெற்றி.’ நான் போட்டது. சங்கத்தில் யாரோ மைத்துனருக்கு அனுப்பி, அவர் மருங்காபுரிக்குப் பக்கத்திலிருக்கும் துவரங்குறிச்சிக்கு அனுப்பி, ராமலிங்கம் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன்னமே அது ஊருக்குள் இறங்கியிருந்தது.

“ஊருல சண்டைன்னா பஞ்சாயத்துக்கு இவனைத்தான் கூப்பிடுவாங்க” என்றார் அந்த அம்மா, தம்பியைக் காட்டி. “இப்ப டீக்கடையில சின்னப் பசங்க இதைப் பாக்குறாங்க. உங்க மேல கோவம் இல்ல தம்பி. பொண்ணு மேல குறையே இல்ல. ஆனா உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்க எங்களுக்கு மனசு வராது.”

எங்கள் குழுவில் அந்தப் பதிவை அழித்தேன். மற்ற இடங்களில் அது எங்கெங்கே இருக்கிறது என்று தேட எந்த நூலகருக்கும் வழி தெரியாது. சரவணன் தேன்மொழியை ஒருமுறை அழைத்துப் பேசினார். அந்தப் போனை வைத்துவிட்டு அவள் சிரிக்கவில்லை. என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. செயலாளர் பதவியை விட்டேன். கேமரா இன்னும் இருக்கிறது. மணி வேறொருவருக்கு அடிக்கிறது.

கதை மட்டும் சொந்தபந்தமெல்லாம் பரவியது. இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வருவதானாலும் தெருமுனையில் நின்று தன் முகத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார்கள்: ‘மாமா, வரலாமா? அடையாளம் சரிபார்க்கவும்.’ விஜயாவின் தம்பி பக்கவாட்டிலும் ஒன்று சேர்த்து அனுப்புவான், கைதிகளுக்கு எடுப்பதுபோல. தேன்மொழிக்கு வேறு இடத்தில் அமைந்து, நல்லவர் ஒருவர் மாப்பிள்ளையாக வந்தார். அவர் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது ஏழு பேரின் படங்களும் முன்கூட்டியே வந்துவிட்டன. அன்று சிரிப்பில் காபி சிந்தியது. தேன்மொழியும் சிரித்தாள். இந்தக் கதையை எல்லாரையும்விட நன்றாகச் சொல்பவள் அவள்தான். ஸ்டேஷனோடு முடித்துவிடுவாள். மருங்காபுரி அவள் கதையில் வராது.

கல்யாணத்துக்கு ராமலிங்கத்தை அழைக்கச் சொன்னவளும் அவளே. வந்திருந்தார். தலையில் முடி வளர்ந்து நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மழை பற்றியும் கடலை விளைச்சல் பற்றியும் பேசினார். முன் வரிசையில் உட்கார வைத்தேன். சற்று நேரத்தில் வீடியோக்காரர் பெரிய விளக்கோடு வரிசையாக முகங்களைப் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார்கள். வெளிச்சம் இரண்டு நாற்காலிக்கு அப்பால் இருக்கும்போதே ராமலிங்கம் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். ஏ.சி. மண்டபம் அது. வெளிச்சம் அவரைத் தாண்டிப் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேடையிலிருந்து தேன்மொழி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.