கண்ணீர் அச்சடிக்காத பேர்

காஞ்சிபுரத்தில் பிறந்தவர்கள் யார் யார் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. செத்தவர்கள் யார் யார் என்று கண்ணீருக்குத் தெரியும். எமன் கணக்கில்கூட ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம், கண்ணீர் கணக்கில் விட்டுப்போனதில்லை.

கண்ணீர் என்பது ஓர் ஆள். செத்தவர் படம் போட்டுச் சுவரில் ஒட்டுகிறார்களே, ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர், அதை அடித்துக் கொடுப்பது அவர் தொழில். ஊர் பாதியை வெட்டிவிட்டு மீதியை அவருக்குப் பேராக வைத்துவிட்டது. கல்யாண வீட்டில் அவர் தலை தெரிந்ததும், “கண்ணீரு வந்துட்டாரு, எலய போடுப்பா!” என்று யாராவது கத்துவார்கள். வெளியூர்ச் சம்பந்திகள் வெலவெலத்துப் போவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் தன் பிள்ளைக்கு ஒரு பேர் வைத்தார். அந்தப் பேரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதை இந்தப் பக்கத்தில் எங்கேயும் எழுத மாட்டேன். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை வாருங்கள், காரணம் தெரியும்.

பிள்ளையார்பாளையம் போகிற வழியில், ஜரிகைக் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் அவர் கடை. என் கையெழுத்தைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் கும்பிடு போட்டுவிட்டதால் கட்டுரைகளை அவரிடம்தான் டைப் அடிக்கக் கொடுப்பேன். முதல் கட்டுரை சுற்றிலும் கறுப்புப் பார்டரோடு திரும்பி வந்தது.

“என்னய்யா இது? நகைச்சுவைக் கட்டுரை!”

“படிச்சிக்கினே அடிச்சேன் சார். பார்டரு தானா வந்துடுச்சி.”

யாரைப் பார்த்தாலும் போட்டோ கேட்பார். “நல்லா இருக்கறப்பவே ஒண்ணு எடுத்து வெச்சிக்கோ சார். கடைசி நேரத்துல ஜனங்க ஆதார் கார்ட தூக்கிக்கினு ஓடி வர்றாங்க. அதுல உயிரோட இருக்கறவனே செத்தவன் மாதிரிதான் இருக்கறான்.” ஒருநாள் டீக்கடையில் நான் வடையைக் கடிக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் செல்போனில் கிளிக்கினார். பெரிதாக்கிப் பார்த்தார். “போதும் சார். ரொம்ப அம்சமா இருக்குது. பத்திரமா வெச்சிக்கறேன்.” மீதி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

நல்ல காரியத்துக்கும் அவர் பேனர் போடுவார் என்று நம்பி மோசம் போனவர் எங்கள் வார்டுப் பிரமுகர். அவர் பிறந்தநாள் பேனரில் ‘தோற்றம்’ என்று போட்டுப் பிறந்த தேதி இருந்தது. பக்கத்திலேயே ‘மறைவு’ என்று போட்டு ஒரு கோடு இருந்தது. பழைய அஞ்சலியின் மேலேயே ஆளை மாற்றியிருந்தார். அடிக்க வந்தவர்களிடம் கண்ணீர் நியாயம் பேசினார்: “தேதி போட்டேனா? காலியாதானே வுட்டிருக்கேன்?”

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் கண்ணீரின் முதல் பிள்ளை ஒரு வயசு முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டது. தாத்தா பேரும் சாமி பேருமாக ஏகாம்பரம் என்று வைத்திருந்தார்கள். அந்தப் போஸ்டரையும் கண்ணீரே அடித்தார். வேண்டாமய்யா, வேறு கடையில் கொடுக்கலாம் என்று கையைப் பிடித்தேன். “வேற எவன் அடிச்சாலும் போட்டோவ இழுத்துடுவான் சார். கொழந்த மூஞ்சி அகலமாப் பூடும்” என்றார். அவர் தட்டினார், நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்குப் பார்டரைக்கூட அவர்தான் போட்டார், தானாக வரவில்லை.

சில வருஷம் கழித்து இன்னொரு ஆண் பிள்ளை, குறைமாதத்தில். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைத்தால் பார்க்கலாம் என்றார்கள். பேர் வைக்கவேண்டும் என்று பேச்சு வந்தபோது மாமியார் பழைய வழக்கத்தைச் சொன்னார். ஒரு பிள்ளை தவறிப்போனால் அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து மட்டமான பேராக வைப்பார்கள், எமன் சீந்தமாட்டான் என்று.

“குப்புசாமின்னு வெச்சிடலாம் மாப்ள.”

“எத்தினி குப்புசாமி நானே அடிச்சிருக்கேன் தெரியுமா அத்த? அந்த ஏமாத்து வேலையெல்லாம் எமனுக்கு எப்பவோ தெரிஞ்சிபோச்சி.”

தான் போஸ்டரில் அடிக்காத பேராக இருக்கவேண்டும். அது ஒன்றுதான் கண்ணீரின் நிபந்தனை. கேட்கச் சுலபம். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன், அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

“கார்த்திக்?”

“அடிச்சிருக்கேன். வாலாஜாபாத் ரோட்டுல லாரிக்காரன் மோதிட்டான்.”

“தினேஷ்?”

“கெணத்துல வுழுந்தான்.”

விடுவேனா? இப்போதைய நாகரிகத்துக்கு இறங்கினேன். “ரித்விக்?”

கண்ணைத் திறக்கவில்லை. “அதுவும் அடிச்சேன் சார். சின்னப் புள்ள. போட்டோல பலூன் வெச்சிருந்தான்.”

அதற்குமேல் நான் பேர் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்த மண்டைக்குள் ஊரே படுத்திருந்தது. அதோடு எப்படி அவர் டீ குடித்தார், பீடா போட்டார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் செல்போனை நீட்டிக்கொண்டு என் வீட்டுக்கே ஓடிவந்தார். பிள்ளைகளுக்குப் பேர் சொல்லும் இங்கிலீஷ் பக்கம் ஒன்று. “இத கொஞ்சம் படிச்சி சொல்லு சார்.”

படித்தேன். ஆண் பிள்ளைப் பேர். பூர்விகம், பழைய ஜெர்மானிய மொழி. இரண்டு துண்டு சேர்ந்த பேர். முன்துண்டுக்கு முதியவன் என்று அர்த்தம், பின்துண்டுக்கு ஆள்பவன். புழக்கம், மிக மிக அரிது.

“முதியவன்னா?”

“கிழவன்.”

கண்ணீருக்கு முகம் மாறியது. “பேருலயே கெழவன் இருக்கறானா! அப்போ கெழவனாகித்தானே சார் ஆவணும்?” கொஞ்ச நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, “அரிதுன்னா இன்னா சார்?”

“யாரும் வைக்கிறதில்லேன்னு அர்த்தம். ஜெர்மனியிலேயே இப்போ தேடித்தான் பிடிக்கணும்.”

“அப்போ அந்தப் பேருல எவனும் செத்திருக்க மாட்டான்.”

என் வாய் சும்மா இருக்குமா? “ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலே அந்த ஊர்ப் பிரபுக்களும் பாதிரிமாரும் வெச்சிருந்த பேருய்யா இது. அவங்கெல்லாம் இப்போ உயிரோடவா இருக்காங்க?”

கண்ணீர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஜெர்மனி நம்ம ஏரியா இல்ல சார்.”

பிள்ளை கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. கச்சபேஸ்வரர் கோயிலில் அர்ச்சனை. பேரை ஊர் கேட்க உரக்கச் சொல்லக்கூடாது என்று கண்ணீர் குருக்கள் காதில் போய் ஓதினார். குருக்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். நட்சத்திரத்தைச் சொல்லி, அந்தப் பேரையும் சொல்லி, ‘நாமதேயஸ்ய’ என்று தடங்கலில்லாமல் முடித்தார். ஜெர்மனியும் சமஸ்கிருதமும் அன்றைக்குச் சம்பந்தியாயின.

அதற்கப்புறம் கண்ணீர் சட்டம் போட்டார். அவர் கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் பேரை யாரும் அடிக்கக்கூடாது, அவர் உள்பட. பள்ளிக்கூட அப்ளிகேஷனைக் கையால்தான் எழுதிக்கொடுத்தார். முதல் பிறந்தநாளுக்கு அவருடைய மச்சான், தறிக்காரர், ஆசையாக வேறு கடையில் பேனர் அடித்துத் தெருமுனையில் கட்டிவிட்டார். தகவல் தெரிந்து கண்ணீர் லுங்கியோடு கம்பத்தில் ஏறி, பேர் இருந்த இடத்தை மட்டும் பிளேடால் சதுரமாக அறுத்து எடுத்தார். பிள்ளை படத்துக்குக் கீழே பெரிய ஓட்டை. கம்பத்தின் அடியில் மச்சான் நின்று அழாத குறை.

“பாசமா வெச்சேன் மாமா! அஞ்சலியா வெச்சேன்?”

“பேனரோ போஸ்டரோ, படத்துக்குக் கீழ பேரு வந்தா எனக்கு ஒண்ணுதான்டா” என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அந்தப் பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. வாயாடி. எங்கள் தெருவில் பாதிப்பேர் அவன் பேரைக் கொலை செய்வார்கள். கண்ணீர் திருத்தமாட்டார். “இருக்கட்டும் சார். எமனுக்கும் வாயில நொழையாம போவட்டும்.”

இந்த ஐப்பசி மழையில், கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணீர் போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். யாருடைய போஸ்டரோ ஸ்கிரீனில் பாதியில் நின்றது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பிள்ளைக்குப் பேர் தேடித் தேடி அலைந்த மனுஷன், எமனுக்குச் சிக்காத பேராகத் தனக்கென்று ஒன்றும் தேடிக்கொள்ளவில்லையே.

அவருக்குப் போஸ்டர் அடிக்கவேண்டும். நானும் மச்சானும் அடுத்த தெருக் கடைக்குப் போனோம். கடைக்கார இளைஞன் போட்டோ கேட்டான். ஊரையெல்லாம் போட்டோ போட்டோ என்று விரட்டியவருக்கு ஒரு போட்டோ இல்லை. கடைசியில் அவர் செல்போனில் கிடைத்தது. அவர் பையன் விளையாட்டாக எடுத்தது. பல் தெரியச் சிரிக்கிறார், கொஞ்சம் ஆடியிருக்கிறது. கடைக்காரன் அதைக் கட்டத்துக்குள் பொருத்த மவுசைப் பிடித்தான்.

“இழுக்காதேப்பா!” என்று கத்திவிட்டேன். அவன் பயந்து கையை எடுத்தான்.

கீழே வருந்துபவர்கள் வரிசை. மனைவி பேர், மைத்துனர் பேர் அடித்தான். “மகன் பேரு இன்னா சார்?”

நான் மச்சானைப் பார்த்தேன். பெற்ற பிள்ளை பேர் இல்லாமல் போஸ்டர் ஒட்டினால் இந்த ஊரில் தலைமுறைக்கும் பேசுவார்கள். மச்சான் பேரைச் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்தப் பேனர் ஓட்டை ஞாபகம் வந்திருக்கவேண்டும். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மகன்னு மட்டும் போடுப்பா.”

“பேரு போடலைன்னா நாளைக்கு யாராச்சும் சண்டைக்கு வருவாங்கண்ணா.”

“வர்றவன என்னாண்ட அனுப்பு” என்றார் மச்சான்.

காரியம் முடிந்த மறுநாள், பையன் ஜரிகைக் கடைச் சுவரில் அப்பா போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

“அம்மா பேரு இருக்குது, மாமா பேரு இருக்குது. எம்பேரு மட்டும் ஏன் தாத்தா போடல?”

“உங்கப்பாதான் போடவேணாம்னுட்டாரு.”

“ஏன்?”

“நீ கிழவனானதும் சொல்றேன்.”

என் நரைத்த தலையைப் பார்த்தான். “அதுக்குள்ள நீ செத்துடுவியே தாத்தா.”

“செத்தா என்னடா? உங்கப்பா எனக்குப் போட்டோ எடுத்து வெச்சிருக்காரு” என்றேன். சிரிக்கத்தான் பார்த்தேன், அழுதுவிட்டேன்.

இந்தக் கட்டுரையையும் அடுத்த தெருக் கடையில்தான் டைப் அடிக்கக் கொடுக்கப்போகிறேன். பார்டர் இல்லாமல் சுத்தமாக வரும். ஆனாலும் இது அஞ்சலிதான், அதனால்தான் அந்தப் பேரை நான் எழுதவில்லை. கண்ணீரு, நீ வைத்த பேரின்படியே உன் பிள்ளை கிழவனாகட்டும்யா.