உன் உயிரணுக்களை நான் விசாரித்ததாகச் சொல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே ஆய்வகத்தில் நீ வளர்க்கும் உயிரணுக்கள் நலமா? உன்னை விட்டுவிட்டு அவற்றை விசாரிக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. அவை நலமாக இருந்தால்தான் நீ போனை எடுக்கிறாய்.

ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றுக்குச் சாப்பாடு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும், அதனால் இந்த விடுமுறைக்கும் வர முடியாது என்று சொன்னாயே, அதை அம்மாவிடம் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். "கண்ணுக்கே தெரியாததுக்கெல்லாம் வேளாவேளைக்கு ஊட்டுறா, நாம சாப்பிட்டோமான்னு கேக்க நேரமில்ல" என்றாள். உனக்காக வக்காலத்து வாங்கி நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். காருக்குத் துரு சுரண்டிப் பெயின்ட் அடித்தே காலம் தள்ளியவன் நான். உயிரணுவுக்குள்ளும் துரு மாதிரி ஒன்று பிடிக்கும், மாதுளைத் தோலின் சாறு அதைத் தடுக்கிறதா, வீக்கத்தைத் தணிக்கிறதா என்று பார்க்கிறேன் என நீ சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா மட்டும் புரிந்துகொள்வதில்லை என்ற முடிவோடு இருக்கிறாள்.

நம் வீட்டு மாதுளை மரத்தின் பழத்தோலும் இலையும் வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும் என்றாய் அல்லவா? உன் கட்டில்மேல் துணி விரித்துப் பரப்பி, சீக்கிரம் காயட்டுமே என்று மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டேன். இலை மொத்தமும் கிளம்பி வீடெங்கும் பறந்து, என் செருப்பு முதல் அம்மாவின் தலையணை உறை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினேன். உனக்குத் தோல்தானே வேண்டும், பழத்தை நாங்கள் தின்றே தீர்க்க வேண்டியதாயிற்று. திகட்டிப்போய், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியாரிடம் கொடுக்கப் போன இடத்தில் வீக்கம் பற்றி உளறித் தொலைத்தேன். மனிதர் பழத்தோலை அரைத்து, வீங்கியிருந்த முழங்காலில் பற்றுப் போட்டுவிட்டார். வீக்கம் அப்படியே இருக்கிறது, முழங்கால் மட்டும் மஞ்சளாகி, தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறது. என் மகள் தட்டில் வளரும் உயிரணுவில்தான் பார்க்கிறாள், அது முழங்காலுக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும் என்று சமாதானம் சொன்னேன். "முழங்காலுக்கு வர்றது இருக்கட்டும், வீட்டுக்கு எப்ப வருவா?" என்று கேட்டார்.

ஆகவே நீ வர வேண்டாம். வேலைதான் முக்கியம். எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது. உன் கட்டிலில் நீ படுக்கிற இடத்தில் தோல் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் மனசு என்னவோ போலாகிவிட்டது. மற்றபடி பொட்டலத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்துக்கு எங்கள் வணக்கம். தட்டில் இருக்கும் எல்லாருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: பொட்டலத்தை அனுப்பவில்லை. கிளம்பும்போது அம்மா வாசலுக்கு வந்து, "அதையும் அனுப்பிட்டா அப்புறம் அவ எதுக்கு வருவா?" என்றாள். வரிசையில் என் முறை வரும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எல்லாம் ஜாடியில் பத்திரமாக இருக்கிறது, நீ சொன்னபடியே வெயில் படாமல். கட்டிலைத் துடைத்து உறை மாற்றியாயிற்று. உயிரணுக்களை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நீயே வந்து எடுத்துக்கொண்டு போ, கண்ணு.