டெஸ்மண்ட் அங்கிளுக்கு நான் அடித்த பேனர்

எனக்கு நல்ல ரசனை இருக்கிறது என்று யாரோ ஒருவர் சின்ன வயதில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். யாரென்று ஞாபகமில்லை. தெரிந்தால் இன்றைக்கும் வீடு தேடிப் போய்ச் சண்டை போடுவேன். குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு மனிதரை மூன்று நாள் நான் சாகடித்து வைத்திருந்ததற்கு அந்த ஆள்தான் முழுப் பொறுப்பு.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் டெஸ்மண்ட் அங்கிள் குடியிருந்தார். ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அது சோற்றுக்கான வேலை. மற்றபடி அவர் கன்ட்ரி மியூசிக் பாடகர். அமெரிக்காவின் பட்டிக்காட்டுப் பாட்டு அது. ஒரு கிடார், ஒரு தொப்பி, விட்டுவிட்டுப் போன காதலி, தூரத்தில் போகும் ரயில், இவ்வளவுதான் சரக்கு. (தாம்பரத்தில் ரயிலுக்கா பஞ்சம்?)

ஐம்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தார். கல்யாண ரிசப்ஷன், கிறிஸ்துமஸ் நடன விருந்து, அதிகாரிகளின் பிரிவுபசார விழா என்று தென்சென்னையில் அவர் பாடாத ஹால் இல்லை. பாடியதெல்லாம் அடுத்தவர்கள் எழுதிய பாட்டு. அவரே தமிழில் நாற்பது சொச்சம் பாட்டு எழுதி வைத்திருந்தார். யார்டில் நிற்கும் காலி ரயில் பெட்டியைப் பற்றி ஒன்று, ஏரியில் மோதிரத்தைத் தொலைத்தவனைப் பற்றி ஒன்று. ரிசப்ஷனில் அதில் ஒன்றை ஆரம்பித்தால் போதும், சாப்பாட்டுப் பந்தியிலிருந்து ஆள் வந்து, தெரிந்த பாட்டாகப் பாடச் சொல்லிவிட்டுப் போவார்.

சொந்தப் பாட்டுக்காகவே இரண்டு கச்சேரி வைத்துப் பார்த்தார். முதலாவதற்கு ஆறு பேர். "அதுல ரெண்டு பேரு மழைக்கு ஒதுங்கினவங்க, சைல்டு" என்றார். இரண்டாவதற்கு மழையும் இல்லை. பெர்த் நகரத்தில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதாக ஒன்று வைப்பது, அதற்கும் யாரும் வரவில்லையென்றால் கிடாரை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறுவது என்று முடிவு செய்துவிட்டார். ஹால் நிறைய ஆளைக் கொண்டுவருவது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவரும் பாவம், நம்பிவிட்டார்.

பேனரை நானே வடிவமைத்தேன். பழைய பாடகர் என்பதால் கறுப்பு வெள்ளைப் போட்டோ, தொப்பியோடு லேசாக மேலே பார்ப்பது போல. அதற்குக் கீழே பாட ஆரம்பித்த வருஷம், ஒரு சின்னக் கோடு, நடப்பு வருஷம். ஐம்பது வருஷச் சாதனை ஒரே வரியில் வந்துவிட்டதே என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அதற்கும் கீழே, "உங்கள் பாடல்கள் என்றும் எங்கள் நெஞ்சில்." கடைசியில் இடம், ஞாயிறு மாலை ஐந்து மணி, அனைவரும் வருக, என் போன் நம்பர். கச்சேரி என்ற வார்த்தையை எழுதவில்லை. எழுதினால் மலிவாகத் தெரியும் என்று என் ரசனை சொன்னது.

மேற்குத் தாம்பரத்தில் பேனர் கடை வைத்திருந்த பாஸ்கர் அண்ணா கம்ப்யூட்டர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"வயசு இன்னா மேடம்?"

"எழுபத்திரெண்டு."

"ம். பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டாரு. போட்டோவைச் சுத்தி ஒரு மாலை போட்டுறவா?"

"போடுங்கண்ணா. கிராண்டா இருக்கணும்."

"கீழ ஒரு வெளக்கு?"

வெளிச்சம் நன்றாக இருக்குமே என்று அதற்கும் தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை அவரே ஆளோடு வந்து நான்கு இடத்தில் கட்டினார். கட்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். தொழில் பக்தி என்று நினைத்துக்கொண்டேன். (நினைப்பு பொழப்பைக் கெடுக்கும் என்று அம்மா சும்மாவா சொல்வாள்.)

இதில் கூத்து என்னவென்றால், அமைதியாகப் பாடிப் பார்க்க வேண்டும் என்று அங்கிள் வியாழக்கிழமையே போனையும் அணைத்துவிட்டுப் பொழிச்சலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். பேனரைப் பார்த்தவர்கள் வீட்டுக்கு ஓடினால் பூட்டு தொங்கியது. சந்தேகம் இருந்தவர்களுக்கும் அதோடு தீர்ந்துவிட்டது. கீழே போட்டிருந்த என் நம்பருக்குப் போன் வந்தபடி இருந்தது. எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள், கட்டாயம் வருவதாகச் சொன்னார்கள். ஒருவர், உயிரோடு இருக்கும்போது ஒரு தடவைகூடப் போய்க் கேட்கவில்லையே என்று விம்மினார். தான் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்கிறார் போலிருக்கிறது, என்ன ஒரு ஆர்வம் என்று குழம்பியபடி சந்தோஷப்பட்டேன்.

ஞாயிறு மதியம் அம்மா போனில் கூப்பிட்டாள். ஒரு வாரமாக அப்பாவோடு கும்பகோணத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தவள், ஸ்டேஷனிலிருந்து வரும் ஆட்டோவில் இருந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"போன வாரம்கூட நல்லாத்தானேடி இருந்தாரு?"

"இப்பவும் நல்லாத்தாம்மா இருக்காரு."

"ஆமா, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று மூக்கைச் சிந்திவிட்டு வைத்துவிட்டாள். ஒன்றும் புரியவில்லை. பயண அலுப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நாலரை மணிக்கு ஹாலுக்குப் போனால் உள்ளே நிற்க இடமில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. எல்லோரும் வெள்ளைச் சட்டை. கை நிறைய ரோஜா மாலை. வாசலில் ஐம்பது ஜோடி செருப்பு. சர்ச் பெண்கள் முன்வரிசையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் யாரோ என் பேனரில் ஒன்றை அவிழ்த்து வந்து மாட்டி, அதன் முன்னால் நிஜ விளக்கையே ஏற்றியிருந்தார்கள். கச்சேரிக்கு ஏன் இப்படி வருகிறார்கள், கன்ட்ரி மியூசிக்குக்கு இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று நான் திகைத்துக்கொண்டிருக்கும்போதே, ரயில்வே தொழிற்சங்கத்தின் பழைய செயலாளர் கோவிந்தராஜன் சார் மைக்கைப் பிடித்து இரண்டு நிமிட மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொன்னார்.

பேனரை நிமிர்ந்து பார்த்தேன். கறுப்பு வெள்ளை. மாலை. விளக்கு. இரண்டு வருஷம், நடுவில் ஒரு கோடு. அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. ஓடிவிடலாம் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தால், டெஸ்மண்ட் அங்கிள் தோளில் கிடாரோடு ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே வருகிறார்.

ஹால் நிறைய ஜனம். எல்லோரும் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். மரியாதை தெரிந்த மனிதர், சட்டென்று தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் தானும் கண்ணை மூடி நின்றார். தனக்கே மௌன அஞ்சலி செலுத்திய ஒரே கலைஞர் நானறிந்து அவர்தான். ஒரு நிமிஷம் கழித்துப் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாருக்குப்பா?"

"நம்ம டெஸ்மண்டுக்கு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. பிறகு திறந்தார்.

அடுத்த ஐந்து நிமிஷத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ஒரு அம்மாள் மயங்கி விழுந்தார், இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள், நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். அங்கிள் மேடையேறி, பேனர் முன் நின்று மேலும் கீழும் படித்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"செத்தாத்தான் வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா, நான் முன்னாடியே செத்திருப்பேனே" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்றும் தெரியாமல், வரிசையாகப் போய் அவர் கழுத்திலேயே போட்டார்கள். கோவிந்தராஜன் சார், ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய இரங்கல் உரையை வீணாக்க மனமில்லாமல் படித்தே தீருவேன் என்றார். படித்தார். "அவர் அருமையாகப் பாடுவார்" என்ற வரி வந்ததும் அங்கிள் குறுக்கே கேட்டார்.

"எந்தப் பாட்டு, கோவிந்து?"

கோவிந்தராஜன் சார் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவருக்கும் ஒரு பாட்டுகூடத் தெரிந்திருக்கவில்லை.

அங்கிள் மாலைகளை விலக்கிக் கிடாருக்கு இடம் பண்ணிக்கொண்டு காலிப் பெட்டிப் பாட்டைப் பாடினார். முடிந்ததும் ஒருவரும் கை தட்டவில்லை. துக்க வீட்டில் எப்படித் தட்டுவது என்ற குழப்பம். முன்வரிசையிலிருந்து ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. எங்கள் அம்மா. அப்புறம் ஹால் முழுக்கத் தட்டியது. பாதியில் பெர்த்திலிருந்து என் நம்பருக்குப் போன். யாரோ பேனரை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள். "ஹலோ, நான்தாம்மா" என்று இவர் சொன்னதும் அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. நான்காம் நாள் மகள் வந்து இறங்கினாள். தெருவில் போகிறவர்களெல்லாம் அப்பாவை நிறுத்திக் காலிப் பெட்டியைப் பாடச் சொல்லிக் கேட்பதைப் பார்த்துவிட்டுத் தனியாகவே திரும்பிப் போனாள்.

என் ரசனையை வீட்டில் யாரும் மறக்கவில்லை. என் கல்யாணப் பேனருக்கு அப்பா தானே கடைக்குப் போய், கலர் போட்டோ வந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் வந்தார். அங்கிள் இப்போது வருஷா வருஷம் அதே ஹாலில் பாடுகிறார். வேறு பேனர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புதிதாக அடித்தால் கூட்டம் வராதாம். அதே பேனர், அதே மாலை, அதே விளக்கு. கோட்டுக்கு வலது பக்கம் இருக்கும் வருஷத்தின் மேல் மட்டும் புது வருஷம் போட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதை வாங்கி வருவது எனக்கு விதித்த ஆயுள் தண்டனை.

ஒவ்வொரு தடவையும் பாஸ்கர் அண்ணா ஸ்டிக்கரை உடனே தருவதில்லை. கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார்.

"மேடம், ஆளு கீறாரா?"

"கீறாருண்ணா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வருகிறேன்.