பரமாணு சித்தரும் கன்னி மூலை லிஃப்டும்

பரமாணு சித்தர் வருகிறார் என்றதும் அந்தத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே வாசலுக்கு வந்துவிட்டது. போன மாதம் வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் பேச வந்தபோது, வராதவர்களுக்கு வருகைப்பதிவு கிடையாது என்று மிரட்டித்தான் அரங்கத்தை நிரப்பினார்கள். இன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை. இயந்திரவியல் துறை ஆரத்தித் தட்டு ஏந்தியது. மின்னியல் துறை குடை பிடித்தது. கணிப்பொறித் துறை நேரலைக்கு ஏற்பாடு செய்தது. வேதியியல் துறை, சித்தர் கையிலிருந்து கொட்டிய திருநீறு என்ன பொருள் என்று ஆராயாமல் அப்படியே நாக்கில் போட்டுக்கொண்டது.

"சாமி போன பிறவியில அணு விஞ்ஞானியாம்," என்றான் சகாயம்.

"இந்தப் பிறவியில?" என்றாள் இசக்கியம்மாள்.

"இந்தப் பிறவியில சாமி."

"ஏல, அப்ப பதவி உயர்வுன்னு சொல்லு."

இருவரும் உலோகவியல் துறையில் ஆய்வு மாணவர்கள். இந்தப் பிறவியிலேயே சித்தர் தண்ணீர் சுத்தம் செய்யும் கருவியை வீடு வீடாக விற்றவர் என்பது அவர்களுக்குத் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் கும்பிட்ட கை கீழே இறங்கிவிடுமா என்ன?

சித்தரை அழைத்ததற்குக் காரணம் ஒரு எலக்ட்ரான் நுண்ணோக்கி. மயிரிழையை ஆலமரம் அளவுக்குக் காட்டும் இயந்திரம். வந்து இறங்கிய அன்றே சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் பார்த்துவிட்டது. ஆனாலும் ஒரு வருடமாக அதற்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. படம் நன்றாக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று நடுங்கும். நேர்க்கோடெல்லாம் ரம்பப் பல்லாகும். கம்பெனி ஆள் வந்து அக்கக்காகக் கழற்றிப் பார்த்து, இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

"இயந்திரத்துல கோளாறு இல்லன்னா?" என்று கேட்டார் துறைத்தலைவர் வைத்தியலிங்கம். சுற்றி நின்ற முனைவர் பட்டங்கள் ஒரே குரலில் சொல்லின: "தோஷம்."

வெளியில் இருக்கும் காரணத்தைத் தேடலாமே என்று ஒரு பட்டத்துக்கும் தோன்றவில்லை.

சித்தர் கையில் ஒரு பித்தளைக் கோல் இருந்தது. பிடியில் செருகிய கம்பி, இடமும் வலமும் ஆடும். நல்ல ஆற்றல் இருந்தால் அசையாதாம். தீய ஆற்றல் இருந்தால் அதன் பக்கம் திரும்புமாம். அறையைச் சுற்றி வந்த கோல், கதவோரம் நின்ற இசக்கிக்கு நேரே திரும்பி நின்றது.

"உம் பேரென்ன?"

"இசக்கியம்மாள்."

"பேரே சொல்லுது. மதியம் என்ன சாப்பிட்ட?"

"முட்டைக் குழம்பு."

கூட்டம் 'உச்' கொட்டியது. சித்தர் கண்ணை மூடினார். "இந்தப் பொண்ணோட நிழல் இந்த அறையில விழுற வரைக்கும் மிசின் தெளியாது."

பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டு, அணு யந்திரம் பொறித்த செப்புத் தகட்டை நுண்ணோக்கியின் தலையில் வைத்தார். மந்திரம் முடிந்ததும் படம் போட்டார்கள். பளிங்கு மாதிரி வந்தது. பூஜை முடியும்வரை ஒரு நடுக்கம் இல்லை. வைத்தியலிங்கத்தின் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாணவர் ஆய்வுக்கு வேதிப்பொருள் வாங்கக் கேட்டால் கையெழுத்துப் போட நடுங்கும் அதே கை, வளாகம் முழுவதும் தகடு பதிக்க உடனே கையெழுத்துப் போட்டது.

மறுநாள் இசக்கியை அழைத்தார்.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை துணைவேந்தர் முன்னாடி தகட்டை நிரந்தரமாப் பதிக்கிறோம். அதுக்கப்புறம் நீ அந்த அறைப் பக்கம் போகாத."

"சார், செயற்கை எலும்புப் பூச்சுல விரிசல் விழுந்ததை அந்த மிசின்லதான் பார்க்கணும். கடைசிப் படங்க இல்லாம ஆய்வேடு கொடுக்க முடியாது. இந்த மாசம் கொடுக்கலைன்னா என் பதிவே ரத்தாயிடும்."

"எனக்குப் புரியுதும்மா."

"நீங்க இதெல்லாம் நம்புறீங்களா சார்?"

"நான் எங்கம்மா நம்புறேன்? ஆனா ஒருவேளை இருந்துட்டா?"

படித்தவர்களின் பக்தி பெரும்பாலும் இந்த 'ஒருவேளை'யில்தான் குடியிருக்கிறது.

இசக்கி அழவில்லை. அழுதால் அதற்கும் கோல் திரும்பும். ஆய்வுக்கூடத்தில் தினமும் கேட்கிற கேள்வியைத் தனக்குள் கேட்டாள். படம் தெளிந்த அன்றைக்கு, மற்ற நாளில் இல்லாத எது இருந்தது?

"தகடு இருந்துச்சு. நீ இல்ல," என்றான் சகாயம்.

"வேற?"

"மந்திரம். சாம்பிராணி. அந்த சிஷ்யன் கோபி எல்லாரையும் படியில ஏற வச்சான். முட்டி வலிக்குதுன்னு பெரிய சார் புலம்பினாரே."

"ஏன் படியில?"

"சாமி பூஜை பண்ணும்போது யாரும் அவர் தலைக்கு மேல தொங்கக் கூடாதாம். லிஃப்ட்டை நிறுத்திட்டான்."

இசக்கி நுண்ணோக்கி அறையின் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லிஃப்ட். முன்பெல்லாம் அது கட்டடத்தின் வடகிழக்கு மூலையில் இருந்தது. ஈசானியத்தில் பாரம் கூடாது, தென்மேற்கில் கன்னி மூலைக்கு மாற்றினால்தான் ஆராய்ச்சி பெருகும் என்று போன வருடம் ஒரு மகான் சொன்னார். சுவரை இடித்து மாற்றினார்கள். மகான் வேறு யார்? இதே சித்தர்தான்.

"ஏல சகாயம், நீ போய் லிஃப்ட்ல ஏறு. போனை வெட்டாத."

சகாயம் ஏறினான். இசக்கி திரை முன்னால் உட்கார்ந்தாள்.

"மேல போறேன்."

"நடுங்குது."

"நிக்கிறேன்."

"தெளிஞ்சிடுச்சு. கீழ வா."

"வர்றேன்."

"ரம்பப் பல்லு. ஏல, இன்னொரு தடவை."

"தோஷம் ஏறி இறங்குதா?"

"உன்னையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டு."

இரும்புப் பெட்டி நகர்ந்தால் பக்கத்தில் காந்தப்புலம் மாறும். எலக்ட்ரான் கதிர் விலகும். இரண்டாம் வருடப் பாடம். தேர்வில் எல்லாருமே சரியாக எழுதியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அறையில் கால் வைக்க இடமில்லை. துணைவேந்தர் மாலையோடு நின்றார். வாசலில் நின்ற இசக்கி கேட்டாள்: "ஐயா, நான் போயிடறேன். போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை. ஆராய்ச்சி நிறுவனம்தானே."

துணைவேந்தர் ஒரு காலத்தில் இயற்பியல் படித்தவர். பழைய ஞாபகத்தில் தலையாட்டிவிட்டார்.

"தகடு மிசின் மேலயே இருக்கட்டும். மந்திரமும் சொல்லட்டும். லிஃப்ட் மட்டும் ஓடட்டும்."

சகாயம் லிஃப்டில் ஏறினான். படம் நடுங்கியது. சித்தர் குரலை உயர்த்தினார். மந்திரம் ஏற ஏற, லிஃப்டும் ஏற, ரம்பப் பல் பெரிதானது. கோபிதான் பாவம், பதறிவிட்டான்.

"சாமி, அதான் லிஃப்ட்டை நிறுத்தணும்னு அன்னைக்கே சொன்னீங்களே. ஓடினா படம் கெடும்னு தெரிஞ்சும் இப்ப விட்டுட்டீங்களே."

எல்லார் தலையும் சித்தர் பக்கம் திரும்பியது.

இசக்கி லிஃப்டை நிறுத்தச் சொன்னாள். தகட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் வைத்தாள். படம் பளிங்காக வந்தது. முட்டைக் குழம்பு சாப்பிட்ட நிழல் நேராக அதன்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

சித்தர் விடவில்லை. "இது இவ வேலை. இவ பீடை தகட்டையே மறிக்குது. என் கோலு பொய் சொல்லாது."

"அப்ப கோலையே கேட்போம் சாமி," என்றாள் இசக்கி. "நீங்க சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. யாராவது ஒருத்தர் பக்கத்து அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிடட்டும். உள்ள இருக்கறது நல்ல ஆற்றலா, பீடையான்னு கோல் சொல்லட்டும்."

சித்தர் திரும்பி நின்றார். யாரை அனுப்புவது என்று கூட்டம் விழித்தது. துணைவேந்தர் உதட்டில் விரலை வைத்து எல்லாரையும் அடக்கிவிட்டு, மாலையைத் துறைத்தலைவர் கையில் திணித்துவிட்டுத் தாமே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இசக்கி நின்ற இடத்திலேயே நின்றாள்.

சித்தர் திரும்பினார். அவர் அவளைத் தேடவில்லை. அவள்தான் உள்ளே போயிருப்பாள் என்று முடிவு செய்துவிட்டார். கோல் கதவை நோக்கிச் சுழன்றது.

"ஐயோ, எவ்வளவு இருட்டு. வயிறு நிறைய விஷம். இந்தப் பீடை இருக்கிற வரைக்கும் இந்த நிறுவனம் உருப்படாது."

"சாமி, நான் இங்க இருக்கேன்," என்றாள் இசக்கி, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து.

கதவைத் திறந்துகொண்டு பீடை வெளியே வந்தது. முகம் சிவந்திருந்தது. பேராசிரியர் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோல் அன்றைக்கு முதன்முதலாக உண்மை பேசிவிட்டதோ என்ற சந்தேகம் அவர்களுக்கு.

"லிஃப்ட்டை இங்க மாத்தச் சொன்னது யாரு?" என்றார் துணைவேந்தர்.

சித்தர் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். கன்னி மூலை லிஃப்டின் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. படியில்தான் ஓடினார். கோபி ஆரத்தித் தட்டோடு பின்னால் ஓடினான்.

அடுத்த வாரம் முழுக்க லிஃப்ட் ஓடவில்லை. பேராசிரியர்கள் மூச்சு வாங்கப் படி ஏறினார்கள். இசக்கி விரிசல் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, மாதம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட வைத்தியலிங்கம் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"நீ சொன்னது சரிதாம்மா. லிஃப்ட்டை இங்கிருந்து மாத்திடலாம்னு முடிவு பண்ணியாச்சு."

"ரொம்ப நல்லது சார்."

"எந்தத் திசையில வைக்கலாம்னுதான் யோசனை. நேர்மையான வாஸ்துக்காரர் யாராவது உனக்குத் தெரியுமா?"

இசக்கி நுண்ணோக்கியைப் பார்த்தாள். மயிரிழையை ஆலமரமாகக் காட்டுகிற இயந்திரம்தான். ஆனாலும் அதன் முன்னால் உட்காருகிறவருக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற லிஃப்ட் தெரிய வேண்டுமென்றால், அதற்கு வேறொரு கருவி வேண்டும். எல்லாருக்கும் அது கழுத்துக்கு மேல் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அதைச் சுற்றி எலுமிச்சம்பழம் வீசியது போதும். ஒருமுறை ஓட்டியும் பாருங்கள்.